கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்: கருப்புத் திரைக் கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சனி, ஞாயிறு மாலைகளில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர்கள், டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தேன்.

சிஎம்டி என்ற கருப்பு விண்டோவில் தட்டும் கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டல் குழப்பும் இடங்களில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான் இருக்கும், கடைசிப் பக்கம் கொஞ்சம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பற்றி.

எரர் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுங்கள். "ஏதோ வந்துச்சுக்கா, மூடிட்டேன்" என்றுதான் நிறையப் பேர் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த "ஏதோ"வுக்குள்தான் பாதி விடை இருக்கிறது. "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்றால் நீங்கள் சொன்ன இடத்தில் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. "ஆக்சஸ் இஸ் டினைட்" என்றால் ஃபைல் இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கருப்புத் திரையில் நாற்பது வரி எரர் ஓடினால், மேலே போய் முதலில் வந்த எரரைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம், மற்றவை அதன் பின்னால் சரிந்தவை. பைத்தான் என்ற நிரல்மொழியில் மட்டும் தலைகீழ்: என்ன தப்பு என்பது கடைசி வரியில் இருக்கும்.

அடுத்து ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது? அதற்குப் பிறகு என்ன மாறியது? ஒவ்வொரு முறையும் வருகிறதா, சில நேரம் மட்டுமா? பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு மாத்திரையை ஒன்றாக விழுங்கினால் எதில் காய்ச்சல் விட்டது என்று தெரியாது. நாளைக்கு அதே காய்ச்சல் வந்தால் மறுபடியும் நான்கையும் விழுங்க வேண்டியதுதான்.

கருப்பு விண்டோவில் தட்டினால் கம்ப்யூட்டர் கெட்டுவிடாதா?

பார்க்கும் கட்டளைகள் வேறு, மாற்றும் கட்டளைகள் வேறு. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டி என்டர் அடித்தால் விண்டோ திறக்கும். டிஐஆர், ஐபிகான்ஃபிக், பிங், சிஸ்டம்இன்ஃபோ ஆகியவற்றை வெறுமனே தட்டினால் தகவலைக் காட்டுவதோடு சரி. பயமில்லாமல் தட்டிப் பழகுங்கள்.

டெல், ஃபார்மட், டிஸ்க்பார்ட்டுக்குள் வரும் கிளீன் ஆகிய மூன்றும் இருப்பதை அழிப்பவை, தொடும் முன் மூச்சு விட்டு யோசியுங்கள். டெல் கொடுத்து அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. கர்சருக்கு இடப்பக்கம் எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று எழுதியிருக்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதுதான். அதைப் படிக்காமல் என்டர் அடிக்காதீர்கள்.

விண்டோஸோடு வரும் பெரும்பாலான கட்டளைகளுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு ஸ்லாஷ், கேள்விக்குறி போட்டால் அதன் விளக்கம் வரும். தெரியாத கட்டளையை அப்படித்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

"நாட் ரெகக்னைஸ்டு அஸ் அன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்" என்கிறது. இன்ஸ்டால் செய்துவிட்டேனே?

இன்ஸ்டால் ஆகியிருக்கும், ஆனால் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. கட்டளையின் பெயரைத் தட்டியதும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலும், பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களிலும்தான் அது வரிசையாகத் தேடும். பட்டியலில் இல்லாத வீட்டுக்குத் தபால் போகாது. முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த விண்டோவை மூடிப் புதிதாகத் திறங்கள். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே திறந்திருந்த விண்டோவுக்குப் பழைய பட்டியல்தான் தெரியும், பல நேரம் இதோடு தீர்ந்துவிடும். இல்லையென்றால் "வேர்" (டபிள்யூ ஹெச் இ ஆர் இ) என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டால், பிஒய் என்று இரண்டெழுத்து மட்டும் தட்டிப் பாருங்கள்.

நெட் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போடுவதா, நானே பார்ப்பதா?

முதலில் நீங்களே பாருங்கள், மூன்று நிமிடம்தான் ஆகும். வீட்டிலிருந்து வெளியே ஒவ்வொரு படியாக இறங்கிப் போவது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, ஐபிகான்ஃபிக். உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம். ஒயரையோ வைஃபையையோ பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் "டிஃபால்ட் கேட்வே" என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும்.

இரண்டாம் படி, பிங், இடைவெளி, அந்த எண். "இருக்கிறாயா" என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை இது. பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை நன்றாக இருக்கிறது. மூன்றாம் படி, 8.8.8.8-க்கு பிங். இது கூகுளின் முகவரி. இங்கே பதில் வரவில்லை, ரவுட்டரிலிருந்து மட்டும் வருகிறது என்றால் தடங்கல் வெளியே. தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்போது கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

நான்காம் படி, ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து என்எஸ்லுக்கப். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால் கோளாறு, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. ஐபிகான்ஃபிக், இடைவெளி, ஸ்லாஷ் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று தட்டிப் பாருங்கள்.

நெட் இருக்கிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் பிங் கட்டளையில் ஹைஃபன் டி சேர்த்து ரவுட்டரை நோக்கி ஓட விடுங்கள். நிறுத்த கன்ட்ரோல் சி. என் மாணவி ஒருவர் வீட்டில் ஹாலில் 2 மில்லிசெகண்டில் வந்த பதில், படுக்கையறைக்குள் போனதும் 300-ஐத் தாண்டியது. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். மாதம் 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பிளானுக்கு மாற இருந்தார். ரவுட்டரை நடைவழிக்கு நகர்த்தியதோடு சரியாகிவிட்டது.

ஆன்லைன் விளையாட்டில் "பிங் அதிகம்" என்று பையன் புலம்புகிறான். வேகமான பிளான் போட்டால் குறையுமா?

பிளானின் வேகம் குழாயின் அகலம். பிங் என்பது தண்ணீர் வந்து சேர ஆகும் நேரம். அந்த விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 2900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வர 5800 கிலோமீட்டர், அதற்கே 29 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எந்தப் பிளானாலும் இதற்குக் கீழே போக முடியாது. சிங்கப்பூருக்கான கடலடிக் கேபிள்கள் சென்னைக் கரையிலிருந்தே புறப்படுவதால் நமக்கு இது கொஞ்சம் வசதிதான். பையனுக்கு 40 வந்தால் நல்ல கணக்கு. 150 வந்தால் ட்ரேசர்ட் (டி ஆர் ஏ சி இ ஆர் டி) கட்டளையோடு சர்வரின் முகவரியைக் கொடுத்து எந்தப் படியில் எண் எகிறுகிறது என்று பாருங்கள். முதல் படியிலேயே எகிறினால் மறுபடியும் உங்கள் வைஃபைதான்.

கரன்ட் போய் வந்ததிலிருந்து விண்டோஸ் திணறுகிறது. ஃபார்மட் அடித்துவிடலாமா?

வேண்டாம். ஃபார்மட் கடைசி மருந்து. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் சில ஃபைல்கள் பாதியில் நின்றிருக்கும். அதைப் பார்க்கவும் சரிசெய்யவும் விண்டோஸுக்குள்ளேயே மூன்று கட்டளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு சிஎம்டியை ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்க வேண்டும்.

முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். செக்டிஸ்க் என்று சொல்வது, எழுத்தில் சி ஹெச் கே டி எஸ் கே. பின்னால் சி, கோலன் மட்டும் போட்டால் எதையும் மாற்றாமல் பார்த்துச் சொல்லும். பிழை இருக்கிறது என்றால் ஸ்லாஷ் எஃப் சேர்த்துக் கொடுங்கள். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால் "அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது பார்க்கட்டுமா" என்று கேட்கும். ஒய் அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது டிஸ்ம். டிஐஎஸ்எம், ஸ்லாஷ் ஆன்லைன், ஸ்லாஷ் கிளீனப் ஹைஃபன் இமேஜ், ஸ்லாஷ் ரெஸ்டோர்ஹெல்த். ஒவ்வொரு ஸ்லாஷுக்கு முன்பும் ஒரு இடைவெளி. இது கெட்டுப்போன பகுதிகளுக்கு நல்ல பிரதியை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கும், அதனால் நெட் வேண்டும். சில நேரம் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருக்கும், மூடிவிடாதீர்கள். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

பிறகு எஸ்எஃப்சி, இடைவெளி, ஸ்லாஷ் ஸ்கேன்நவ். டிஸ்ம் கிடங்கைச் சரிசெய்யும், எஸ்எஃப்சி அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து வீட்டுக்குள் மாட்டும். கிடங்கே கெட்டிருக்கும்போது மாட்டி என்ன பயன்? அதனால்தான் இந்த வரிசை.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ, செக்டிஸ்க்கில் ஸ்லாஷ் ஆர் போடாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும். மூச்சுத் திணறுகிறவரை மலையேறச் சொல்வது போலாகிவிடும். முதலில் படங்களையும் பத்திரங்களையும் வெளியே எடுங்கள்.

அப்படி எடுக்கும்போது காப்பி பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ரோபோகாப்பி பயன்படுத்துங்கள். இதுவும் விண்டோஸோடு வருவதுதான். முதலில் எங்கிருந்து, பிறகு எங்கே, பிறகு ஸ்லாஷ் இ, ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1. கடைசி இரண்டும் மிக முக்கியம். அவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை ரோபோகாப்பி 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு 347 நாள். "ஹேங் ஆயிடுச்சு" என்று பலர் நினைப்பது இதைத்தான். மேலே சொன்னபடி கொடுத்தால் ஒருமுறை மட்டும் திரும்ப முயன்றுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகும்.

ஸ்லாஷ் மிர் என்று ஒன்று இருக்கிறது, எம்ஐஆர். "இதைப் போலவே அதையும் ஆக்கு" என்று பொருள். மூலத்தில் இல்லாதது எதுவோ அதைப் போய்ச் சேரும் இடத்தில் அழித்துவிடும். என் அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள், முந்நூறுக்கு மேல், இதில்தான் போயின. முதல் நாள் இ என்று வந்த பழைய டிஸ்க், மறுநாள் வேறு வரிசையில் செருகியதால் எஃப் ஆகிவிட்டது, புது டிஸ்க் இ ஆகிவிட்டது. நான் முந்தைய நாள் கட்டளையை மேல் அம்புக்குறியால் அழைத்து என்டர் அடித்தேன். காலியான புது டிஸ்க்கைப் போலவே பழைய டிஸ்க்கும் காலியாயிற்று. அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பெயர் வைத்திருக்கிறேன். விஓஎல் என்று தட்டி டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். அதோடு ரோபோகாப்பியில் ஸ்லாஷ் எல் சேர்த்தால் எதையும் செய்யாமல், என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். மிர் போடும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள். "எக்ஸ்ட்ரா ஃபைல்" என்று வரும் ஒவ்வொரு வரியும் அழியப் போகும் ஒரு ஃபைல்.

தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக வருகிறது. சில நேரம் கேள்விக்குறி, சில நேரம் ஏதோ கிறுக்கல். ஏன்?

மூன்றும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி டிடிபி தலைவலி போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னை என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: செ, ன், னை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது ஆறு: ச, எகரக் கொம்பு, ன, புள்ளி, மறுபடி ன, ஐகாரக் கொம்பு. அந்த எண்களை ஃபைலில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18 பைட். கம்ப்யூட்டரிடம் இருப்பது அந்த 18 எண்கள்தான். அவற்றை எப்படிப் படிக்கிறது, எந்த எழுத்துருவில் வரைகிறது என்பதில்தான் எல்லாக் கோளாறும்.

பெட்டி வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, வரைய உருவம் இல்லை. பழைய கருப்பு விண்டோவின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஃபைலின் பெயர் பெட்டியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள், சரியாக இருக்கும். விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய நிரலில் நிலைமை மேல்.

ஃபைலுக்குள் கேள்விக்குறி வந்தால் எழுத்தே போய்விட்டது. டிஐஆர் கட்டளையின் பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் இப்படிக் கேள்விக்குறி ஆகும். தமிழைத் தெரியாத ஒரு முறையில் அதை எழுதியதால் வந்த வினை. முன்கூட்டியே சிஹெச்சிபி, இடைவெளி, 65001 என்று தட்டிவிட்டுச் சேமித்தால் யுடிஎஃப்-8 முறையில் எழுதும், தமிழ் நிற்கும். கேள்விக்குறி ஆனதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் அதே ஏ என்று வரிசையாக வருகிறதா? 18 பைட்டும் பத்திரமாக இருக்கிறது, படிக்கிற நிரல்தான் தப்பாகப் படிக்கிறது. எக்செலில் சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். தயவுசெய்து அப்படியே சேவ் கொடுக்காதீர்கள். மூடிவிட்டு, டேட்டா மெனுவில் உள்ள "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாகத் திறந்து, 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைலும் சிஹெச்சிபி போட்டால் சரியாகுமா?

ஆகாது. பாமினி ஃபைலில் தமிழே இல்லை. அதில் "அம்மா" என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் இருக்கும் இடத்தில் அகரத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கிலக் குறிகள் வெளியே தெரியும். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு எழுத்துருவில் அடித்த அந்தக் காலத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது, தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி ஃபைல்கள் குவிந்திருக்கின்றன.

திரும்ப அடிக்க வேண்டாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல், போன் மாடல், மெயில் முகவரி இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்துக் கொத்திவிடும். அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

விண்ணப்பத்துக்குப் போட்டோ 50 கேபிக்குள் கேட்கிறார்கள். கடையில் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கிறேன்.

இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். மேஜிக், போட்டோவின் பெயர், ஹைஃபன் டிஃபைன், ஜேபெக் கோலன் எக்ஸ்டென்ட் ஈக்வல் 48கேபி, புதிய பெயர். நடுவே இடைவெளி விடுங்கள். ஆனால் ஜேபெக் முதல் 48கேபி வரை ஒட்டியே வர வேண்டும். அளவுக்குள் அடங்கும் வரை தரத்தை அதுவே குறைத்துத் தரும். போட்டோ மிகப் பெரியதாக இருந்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடும், அப்போது ஹைஃபன் ரீசைஸ் போட்டு முதலில் நீள அகலத்தைக் குறையுங்கள். புதிய பெயர் கொடுக்க மறக்காதீர்கள். இதே நிரலோடு வரும் மாக்ரிஃபை மூல ஃபைலின் மேலேயே எழுதிவிடும்.

"நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, என்டர்" என்று ஒரு பக்கம் கேட்டது. செய்யலாமா?

செய்யவே கூடாது. அது திருட்டு. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை கிளிப்போர்டில் வைத்திருக்கும். நீங்கள் உங்கள் கையாலேயே அதை ஓட விடுகிறீர்கள். பாஸ்வேர்டுகள் போய்விடும். செய்துவிட்டீர்கள் என்றால் உடனே நெட்டைத் துண்டியுங்கள், வேறொரு சாதனத்திலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஏஐ சொல்லும் கட்டளையைத் தட்டலாமா?

தட்டலாம், படித்துவிட்டு. ஒவ்வொரு ஸ்லாஷுக்கும் என்ன பொருள் என்று கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். டிரைவ் எழுத்து உங்களுடையதா என்று பாருங்கள். உங்கள் வீட்டு எஃப் டிரைவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. இனி உபயோகப்படுமா?

படும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கும் பழைய விண்டோஸை நெட்டில் இணைப்பது ஆபத்து. ரிச்சி தெருவில் ஒரு சிறிய எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்புள்ள லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். கட்டளை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, கெட்டாலும் போகட்டும் என்று தைரியமாகத் தட்டலாம்.

லினக்ஸில் "குட் நாட் கெட் லாக்" என்று வருகிறது.

பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள். லாக் ஃபைலை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்டேட் நடுவில் கரன்ட் போயிருந்தால் மட்டும் சூடோ, டிபிகேஜி, இரட்டை ஹைஃபன் கான்ஃபிகர், ஹைஃபன் ஏ என்று கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து முடிக்கும்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை. உங்களிடம் கொண்டுவரலாமா?

வாருங்கள். வரும்போது எரரை எடுத்த போட்டோ, அந்த நோட்டு, லேப்டாப் சார்ஜர் மூன்றையும் எடுத்து வாருங்கள். எந்தக் கட்டளைகளைத் தட்டினீர்கள் என்பது நினைவில்லாவிட்டால் அந்த விண்டோவை மூடாமல் டாஸ்கீ, இடைவெளி, ஸ்லாஷ் ஹிஸ்டரி என்று தட்டுங்கள். அதில் தட்டியதையெல்லாம் வரிசையாகக் காட்டும். அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.